மேசைமேல் மாரா ஆறு

பாறசாலையில் பிற்பகல் மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் சுகுமாரி விரலால் தண்ணீரை இழுத்து ஓர் ஆறு வரைகிறாள். அவள் போகத் துடிக்கும் கென்யாவின் மாரா ஆறு. புட்டுக்கு வாங்கிய கறுத்த கடலையை இக்கரையில் குவிக்கிறாள். ஆகஸ்டில் புல் தேடி ஆற்றைக் கடக்கும் காட்டுமாடுகள் அவை. மடித்து வைத்த துவர்த்துத் துண்டுதான் அக்கரை மேடு. அவர்கள் சபையில் பென்ஷன் ஆனவர்கள் போதகரோடு எருசலேம் போய், யோர்தான் தண்ணீரைக் குப்பியில் அடைத்துக்கொண்டு வருவதே வழக்கம். அதற்கென்றே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கும் கணவர் ரெத்தினதாஸ் எதிரே முகம் இறுகி உட்கார்ந்திருக்கிறார். "யோர்தான் பாக்காம மாடு பாக்கப் போனா சபையில சிரிக்க மாட்டாவளா?" "சிரிச்சிட்டுப் போவட்டு. யோர்தான் அங்கயேதான் கெடக்கும். மாடு நமக்காவ நிக்குமா?" என்று சொல்லிக்கொண்டே அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து ஆற்றின் நடுவில் வைக்கிறாள். முதலை. மழை வெளிச்சம் ஈரத்தில் நடுங்குகிறது. தொழுவத்தில் பசு வளர்த்த மனிதர் மெல்லக் குனிகிறார். "மொதல்ல எறங்குதது எது?" "அது ஆருக்கும் தெரியாது. ஒண்ணு எறங்கினா எல்லாம் எறங்கும்." அவருடைய விரல் ஒரு கடலையைத் தண்ணீரில் தள்ளுகிறது. அது முதலையைச் சுற்றி அக்கரை சேருகிறது. உடனே அவர் உள்ளங்கையால் மொத்தக் கூட்டத்தையும் வாரித் தள்ள, கடலையெல்லாம் சடசடவென்று உருண்டு துவர்த்தில் முட்டுகிறது. "எட்டீ, எனக்க பாஸ்போர்ட்டு எங்க?" என்கிறார், சிரிப்பை அடக்க முடியாமல். "அக்கரையிலயாக்கும்" என்று சுகுமாரி துவர்த்தைத் தூக்குகிறாள். அடியில் அவருடைய பாஸ்போர்ட், அதன்மேல் அவளுடையது.