ப்ரேக் பிடித்தவள்

"ப்ரேக்கை மிதி! மிதிச்ச காலை எடுத்துடாதே!"

ஜீப்புக்கு அடியிலிருந்து கணவர் போட்ட சத்தத்தில் அவளுக்கு நெஞ்சே நின்றுவிட்டது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வண்டியின் இடது பக்கம் சட்டென்று ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

"எதுங்க ப்ரேக்கு?"

"நடுவுல இருக்கே, அதுதான். ஜாக்கி நழுவிடுச்சு. நீ காலை எடுத்தா வண்டி உருண்டு என் மேல ஏறிடும்."

அவள் இரண்டு கால்களையும் ஒன்றாக வைத்து மிதித்தாள். சேற்றில் மிதித்த மாதிரி பெடல் பொதுக்கென்று உள்ளே போனது.

"ஐயோ, இது தரை வரைக்கும் போகுதுங்க!"

"பழைய வண்டி அப்படித்தான் இருக்கும். விடாம அமுக்கு."

"அடி பட்டிருக்கா?"

"தோள் மேல இரும்பு உட்கார்ந்திருக்கு. அசைய முடியல. பேசறேன்ல, பயப்படாதே. போன் இருக்கா? உட்கார்ந்த இடத்துலயே இருந்து மெக்கானிக்கைக் கூப்பிடு."

மடியில் கிடந்த போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது. மூன்றாவது தடவை மெக்கானிக் கிடைத்தான். "அவரு வண்டிக்கு அடியில மாட்டிக்கிட்டாருப்பா" என்று சொல்வதற்குள், "இதோ வந்துட்டேன் அண்ணி" என்று வைத்துவிட்டான்.

அந்த ஜீப்புக்கு வீட்டில் 'மாப்பிள்ளை' என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் வாசலில் உட்கார்ந்துகொண்டு, கேட்டதையெல்லாம் வாங்கிக்கொள்வதால் அவள்தான் அப்படிப் பெயர் வைத்தாள். நாலு சக்கரமும் இழுக்கும், மலையே ஏறும் என்று வாங்கிய வண்டி. வாசல் மேட்டை ஏறவே ஆள் தள்ள வேண்டியிருந்தது. இடது பக்கம் திருப்பினால் தானாக ஹாரன் அடிக்கும். அவளுடைய நல்ல அகலப் பாத்திரம் ஒன்று, சொட்டுகிற ஆயிலைப் பிடிப்பதற்கென்றே அதன் அடியில் போய்ச் சேர்ந்திருந்தது.

இன்று காலையில்தான் மெக்கானிக் வந்து ஏதோ ஒரு குழாயைக் கழற்றி, புதிது வாங்கி வருவதாகச் சொல்லிப் போனான். அவன் வருவதற்குள் முன் சக்கரத்தில் கேட்கும் டொக்கு டொக்கு சத்தத்தையும் பார்த்துவிடுகிறேன் என்று இவர் கிளம்பினார். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தார், இடது முன் சக்கரத்தைக் கழற்றினார், உள்ளே புகுந்தார். "ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பு" என்றார். அவள் திருப்பினாள்.

"நான் திருப்பினதாலதானே..." அவளுக்கு அழுகை வந்தது.

"நீ திருப்பல, நான் திருப்பச் சொன்னேன். கால் இருக்கா?"

"இருக்கு."

ஜாக்கி 'கிரீச்' என்றது. கீழே இருந்து ஒரு முனகல் வந்தது, பிறகு எதுவும் வரவில்லை.

"ஏங்க! ஏங்க! இருங்க, நான் வந்து கையைப் பிடிச்சு இழுத்துடறேன்..."

"கால்!" அடியிலிருந்து வந்த அதட்டலில் வண்டியே அதிர்ந்த மாதிரி இருந்தது. "எடுத்தே, நான் செத்தேன்!"

இடுப்பைத் தூக்கியவள் மறுபடி தொப்பென்று உட்கார்ந்தாள். தொடை வெடவெடவென்று ஆடியது. முழங்காலுக்குக் கீழே மரத்துப்போய், அது தன் கால்தானா என்றே தெரியவில்லை. இந்த ஒரு கால் தளர்ந்தால் இத்தனை வருஷத்து மனுஷன் போய்விடுவார் என்று நினைக்க நினைக்க இன்னும் பலமாக மிதித்தாள்.

"கல்யாணமான புதுசுல, கிணத்துல பூனை விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா?" அவர் குரல் கம்மியிருந்தது.

"இப்ப எதுக்குங்க பூனை?"

"நீச்சல் தெரியாம நீயும் குதிச்சே. பூனையைக் காப்பாத்தறதா, உன்னைக் காப்பாத்தறதான்னு நான் முழிச்சேன்."

நினைவு தப்பிப் பிதற்றுகிறார் என்று அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. "நீங்க வெளியே வாங்க. இந்த மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். தினம் நானே குளிப்பாட்டறேன்" என்றாள்.

கேட் திறந்தது. மெக்கானிக் பெரிய ஜாக்கியோடு ஓடி வந்தான். வண்டியைத் தூக்கி, கட்டைகளை முட்டுக் கொடுத்து, அவரை மெல்ல வெளியே இழுத்துச் சுவரில் சாய்த்தான். தோள் வீங்கியிருந்தது, கை அசைந்தது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மெக்கானிக் பழைய ஜாக்கியைச் செருப்புக் காலால் லேசாகத் தட்டினான். அது சரிந்து உருண்டது.

"பார்த்தீங்களா அண்ணி? நல்லவேளை, நீங்க பதறிக் கீழ இறங்கி இழுக்கல. தொட்டிருந்தா ரெண்டு பேர் மேலயும் மொத்த வண்டியும் உட்கார்ந்திருக்கும்."

"நான் எப்படிப்பா இறங்குவேன்? ப்ரேக்கைப் பிடிச்சிட்டிருக்கேனே. இப்ப காலை எடுக்கலாமா?"

"ப்ரேக்கா?" மெக்கானிக் பையிலிருந்த புதுக் குழாயை எடுத்துக் காட்டினான். "ப்ரேக் ஆயில் போற பைப்பே இதுதான் அண்ணி. காலையில பழசைக் கழட்டினப்ப அண்ணன்தான் டார்ச் அடிச்சார். நீங்க எவ்வளவு மிதிச்சாலும் ஒண்ணும் பிடிக்காது. பின்னாடி வச்ச கல்லுதான் வண்டியை நிறுத்தியிருக்கு."

மிதித்த காலை எடுக்காமலே அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேற எப்படி உன்னை அங்கேயே உட்கார வைக்கறது?" தோளைப் பிடித்துக்கொண்டு அவர் வலியோடு சிரித்தார். "அதான் பூனை விழுந்த அன்னிக்கே பார்த்தேனே."