கடைசி இரண்டு அங்குலம்

"உலக நன்மையை முன்னிட்டு ஒரு முக்கிய அறிவிப்பு! பேய் பிடித்த தையல் மிஷின் என்று ஒன்று இதுவரை இருந்ததில்லை, இனி இருக்கப் போவதுமில்லை!"

பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலில் உதறியபடியே வெண்டல் ஹாகன் பிரகடனம் செய்தார். கேட்க இருந்தது, மிஷினை என்னவோ பிடித்து ஆட்டுகிறது என்று போனில் அவரை வரவழைத்த வெர்னா ஒருத்திதான். ஒருத்தி இருந்தாலும் அவருக்கு அது மகாசபை. அவருடைய வேனில் 'தையல் மிஷின் டாக்டர்' என்று தங்க எழுத்தில் எழுதியிருக்கும். வடக்கு மினசோட்டாவில் முப்பத்தோரு வருட பிராக்டிஸ்.

"உள்ள வாங்க டாக்டர். பேஷண்ட் சாப்பாட்டு மேஜை மேல இருக்கு" என்றாள் வெர்னா.

கவர் ஸ்டிச் மிஷின். மேலே இரண்டு வரி, அடியில் ஏணி மாதிரி பின்னல். பனியன் துணியின் ஓரம் தைக்கவே பிறந்த ஜாதி. பக்கத்தில் கருநீல கவுன் ஒன்று, கீழ் ஓரம் மடித்து ஊசி குத்தியபடி கிடந்தது.

"எங்க அக்கா ஆர்டிஸோட மிஷின். கவுனும் அவ வெட்டினதுதான். கடைசியா போட்டுக்கறதுக்கு. ஓரம் ஒண்ணுதான் பாக்கி. ஆஸ்பத்திரியில கையை விரிச்சு மூணு வாரம் ஆச்சு. நானும் மூணு வாரமா தைக்கிறேன். இது முடியாம அவளுக்கும் நிம்மதியில்ல, எனக்கும் தூக்கமில்ல."

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். "அடடா... அடக்கத்துக்கு எல்லாம் சொல்லியாச்சா?"

"பெட்டி சொல்லியாச்சு. பாதிரியார்கிட்டயும் சொல்லியாச்சு. கவுனுக்காகத்தான் காத்திருக்கோம்."

ஏப்ரலில் மண் இளகும்வரை அந்த ஊரில் குழி வெட்ட மாட்டார்கள். குளிர்காலத்துப் பெட்டிகள் கல்லறைக் கொட்டகையில் வரிசையாகப் பொறுமை காக்கும். அதனால் மூன்று வாரம் வெண்டலுக்குப் பெரிதாகப் படவில்லை.

"சரி, என்ன பண்ணுது?"

"சமர்த்தா சுத்தி வரும். முடிக்க ரெண்டு அங்குலம் இருக்கறப்ப தையல் தாண்டும், நூல் அறுந்துடும். துணியை எடுத்தா அத்தனையும் சரசரன்னு பிரிஞ்சுடும். பதினேழு தடவை ஆச்சு. அவதான் விடமாட்டேங்கறா."

"ஊசியைப் பிடிச்சு இழுக்கறதுக்கு ஆர்டிஸ் வரமாட்டாங்க வெர்னா."

"அவளை உங்களுக்குத் தெரியாது."

வெண்டல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொற்பொழிவைத் தொடங்கினார். "ஊசி மொட்டை, அதான் தையல் தாண்டுது. பனியன் துணிக்கு உருண்ட முனை ஊசி வேணும். நூலை இறுக்கிப் பிடிக்கற டென்ஷன் தட்டுக்குள்ள நூல் உக்காரவே இல்ல. ஆரம்பிச்சது எங்க? பக்கத் தையல் சேர்ந்து தடிச்சிருக்கற மேட்டுலயா! முடிக்கறப்பவும் அதே மேட்டுல முட்டுமே. அப்புறம், சாதா மிஷின் மாதிரி துணியை வெடுக்குன்னு இழுக்கறீங்க. ஊசி நூலை முன்னால இழுத்து வெட்டிட்டுத்தான் துணியை எடுக்கணும். இல்லாட்டி பிரியத்தான் செய்யும். இதுல பேய் எங்க வந்தது?"

"சொல்றது நல்லாத்தான் இருக்கு. தச்சுக் காட்டுங்க."

புது ஊசி போட்டார். நூலை முதலிலிருந்து கோத்தார். மேட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினார். துண்டுத் துணியில் ஓட்டினார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் விழுந்தது தையல்.

கவுனை வைத்தார். ஓரம் முழுக்கச் சுற்றி வந்தது. இரண்டு அங்குலம் மிச்சம். டக். நூல் அறுந்தது.

"நூல் பழசு" என்றார்.

புது நூல். டக்.

"டாக்டர், உங்களுக்கு வேர்க்குது."

"ஹீட்டரைக் குறைங்க."

"அது ஓடலையே."

மூன்றாவது தடவை டென்ஷன் திருகுகளைச் சுழியத்துக்குத் திருப்பினார். நூல் தொளதொளவென்று தொங்கியிருக்க வேண்டும். தந்திபோல் விறைத்து நின்றது. மிஷினை அணைத்தார். பிளக்கையும் பிடுங்கினார். விரலால் நூலைத் தொட்டவர் சட்டென்று கையை எடுத்தார். மணிக்கட்டில் நாடி பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது நூல்.

முப்பத்தோரு வருட பிராக்டிஸில் இதற்கு மருந்து இல்லை. ஆனால் தோற்றுப்போய் வேனில் ஏறவும் பழக்கமில்லை. பக்கச் சக்கரத்தைக் கையாலேயே திருப்பத் தொடங்கினார். ஒரு தையல். இன்னொரு தையல். அந்தப் பக்கம் யாரோ பிடித்து இழுத்தார்கள். இந்தப் பக்கம் இவர்.

வெர்னா மிஷின் பக்கம் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: "போதும்டி ஆர்டிஸ். எவ்வளவு நாள்தான் பிடிச்சுக்குவ? விட்டுடு."

அரை அங்குலம். கால். கடைசித் தையல் விழுந்ததும் நூல் தொய்ந்தது, பிடித்திருந்த கை விட்டதுபோல. துடிப்பு நின்றிருந்தது.

வெண்டல் ஊசி நூலை முன்னால் இழுத்து வெட்டி, கவுனை எடுத்து உதறினார். ஒரு தையல் பிரியவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டதும் பழைய கம்பீரம் திரும்பியது.

"பார்த்தீங்களா? நான் சொன்னபடி பக்கத் தையல் மேடுதான். வேற ஒண்ணுமில்ல!" பிறகுதான் துக்க வீடு என்பது நினைவுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "மன்னிக்கணும், வந்ததுமே கேட்டிருக்கணும். அக்கா எப்ப தவறினாங்க?"

வெர்னா கவுனை மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள்.

"ஓரம் தச்சு முடிக்கற வரைக்கும் போகமாட்டேன்னு சொல்லியிருந்தா. இருங்க, மாடிக்குப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."