முன்கதையின் கடைசிப் பாகம்

"படம் பார்த்தியாம்மா? ஒண்ணு விடாம சொல்லு."

விண்வெளிப் படத்தொடரின் வில்லன் உருவான முன்கதை, பழைய படங்கள் வந்து பல ஆண்டுகள் கழித்து, கடைசிப் பாகமாக வெளியாகியிருந்தது. மகன் அத்தொடரின் தீவிர ரசிகன்.

"சின்ன வயசுல தங்கமான பையன்டா. அம்மான்னா உயிர்."

"அது தெரியும். எப்படிக் கெட்டுப்போனான்? அதைச் சொல்லு."

தாயார் தயங்கினார். "இடைவேளையிலேயே எழுந்து வந்துட்டேன்."

"தூக்கம் வந்துடுச்சாக்கும்?"

"இல்லடா. அவன் நல்லவனா இருந்த வரைக்கும் போதும்னு தோணுச்சு."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், கைதிச் சீருடையிலிருந்த மகன் தொலைபேசியை இறுகப் பற்றிக்கொண்டான். சிறைக் காவலர் நேரம் முடிந்ததெனச் சைகை காட்டினார்.

"கடைசியில அவன் திருந்திடுவான்மா. பழைய படத்துலயே அது வந்தாச்சு."

தாயாருக்கு அவனுடைய உதடுகள் அசைந்தது மட்டுமே தெரிந்தது. இணைப்பு முன்பே துண்டிக்கப்பட்டிருந்தது.