பங்களாப் படத்தில் மணியம்மை

அது காலைக் காட்சியா, பகல் காட்சியா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. திருத்தணியில் பத்திரங்களும் மனுக்களும் எழுதித் தரும் மணியம்மை, தான் ஒரு சினிமாவில் வருவதாகச் சொல்லி, பஸ் கண்டக்டரான கணவன் துளசிங்கத்தையும் உடன் எழுதும் நிர்மலாவையும் தியேட்டருக்கு அழைத்து வந்திருந்தாள். அந்தக் காலத்துப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர், பேய் உலவும் பாழடைந்த பங்களாவில் நடக்கும் கொலைகளைத் துப்பறியும் படம்.

இடைவேளை வரை மணியம்மை வரவில்லை.

"இன்னாம்மே, டெப்போ பூரா சொல்லி வச்சிக்கீறேன். மானம் போவுது," என்றான் துளசிங்கம்.

"அந்தப் பேயி இவதான்ணா," என்று சிரித்தாள் நிர்மலா.



கடைசியில் எழுத்தாளர் கொலைகாரனின் பெயரை எழுதினார். திரை முழுக்க அவர் கை. எழுதி முடித்ததும், பின்னால் யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி, மிச்சமிருந்த வெற்றிடத்தின் குறுக்கே அந்தக் கை கோடு இழுத்தது.

நிர்மலா எழுந்தே விட்டாள். "ஐயோ, பத்திரத்துல நாம போடற கோடு! அது உன் கையா?"

"ஆங். எழுத்து அழகா இருக்குன்னு கூப்டாங்க. வளையலக் கழட்டிட்டு எழுதினேன். பழக்கத்துல கோடு போட்டுட்டேன். அதுவே இருக்கட்டும்னுட்டாரு டைரக்டரு."

மணியம்மை இன்னும் பத்திரம் எழுதுகிறாள். நிர்மலா அரக்கோணத்துக்குக் குடிபோய்விட்டாள். துளசிங்கம் அந்தப் படத்தை ஒன்பது முறை பார்த்துவிட்டான்.