பதினோராம் இருக்கை

"கம்பியைக் கீழ இறக்கினா டக்குன்னு ஒரு சத்தம் வரும் மேடம். அன்னைக்கு அது வரல."

வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. கழுத்துப் பித்தானைக்கூட விடாமல் மாட்டியிருந்தார்.

வக்கீலம்மா எழுதிக்கொண்டாள். விளையாட்டுப் பூங்கா. குடை ராட்டினம். பதினோராம் இருக்கை. பெண் குழந்தை, ஆறு வயது. மூன்றாவது சுற்றில் மடிக்கு மேலிருந்த கம்பி திறந்துகொண்டது. வலது கையில் இரண்டு இடத்தில் முறிவு. தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

குழந்தைக்கு அடிபட்டு வந்த அப்பாக்கள் எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். சிலர் மேஜையைக் குத்துவார்கள். சிலர் பேச ஆரம்பிக்கும் முன்பே உடைந்து அழுதுவிடுவார்கள்.

இவர் இரண்டும் செய்யவில்லை. கொக்கி எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது, அதன்மேல் கட்டுக்கம்பி எத்தனை சுற்று சுற்றியிருந்தது, எல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருந்தது.

தூங்காமல் கொள்ளாமல் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார் போலும், பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

"குழந்தையோட அம்மா எப்படி இருக்காங்க?"

"சாப்பிடவே மாட்டேங்கறாங்க மேடம். போட்டோ எடுக்கறதுக்காக இவங்க கீழேருந்து கூப்பிட்டாங்களாம். அதனாலதான் பாப்பா எழுந்து விழுந்துடுச்சுன்னு தலைல தலைல அடிச்சுக்கறாங்க."

பெண்டாட்டியைப் பற்றி இத்தனை மரியாதையாகப் பேசுகிற ஆண்கள் அந்த அறைக்கு அதிகம் வந்ததில்லை. வக்கீலம்மாவுக்கு அவர்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. அந்தப் பிரியத்தில்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க. சத்தம் வராததை நீங்க கவனிச்சதா எங்கேயும் வாயைத் திறக்காதீங்க. கவனிச்சும் ஏன் குழந்தையை இறக்கலன்னு கேப்பாங்க. பழி உங்க தலைல வந்து விழும்."

"விழட்டும் மேடம். அதுக்குத்தான் வந்தேன்."

பெற்ற மனம் பேசுகிறது. அதனோடு வாதாடிப் பயனில்லை. அவள் புதுத் தாள் ஒன்றை எடுத்து, மேலே தேதியைப் போட்டாள்.

"சரி, குழந்தை பேரைச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள்.

"பேரு தெரியாது மேடம். எல்லாரும் பாப்பா பாப்பான்னுதான் கூப்பிட்டாங்க."

கழுத்துப் பித்தானைக் கழற்றினார்.

"நான் அந்த ராட்டினத்தை ஓட்டுறவன்."

அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை.

கொக்கி தேய்ந்துபோனதை முதலாளியிடம் மூன்று தடவை சொல்லியிருந்தார். மூன்று தடவையும் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்ற பதில்தான். கட்டுக்கம்பியைச் சுற்றியது அவருடைய கைதான். அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. சத்தம் வரவில்லை என்பது காதுக்குத் தெரிந்தது. இரைச்சலில் கேட்காமல் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்திவிட்டார்.

குழந்தையை வண்டியில் ஏற்றிய கையோடு முதலாளி ஒரு காகிதம் எழுதினார். தாய் கூப்பிட்டதால் குழந்தை தானாக எழுந்து நின்றது என்று. பக்கத்திலிருந்து பார்த்த சாட்சி என்று கீழே கையெழுத்துப் போட்டது இவர்.

ஐந்து நாளாக வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். வார்டு வாசல்வரை போவதோடு சரி. உள்ளே அந்த அம்மாளைச் சொந்தக்காரர்களே பிய்த்துப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். அவளும் ஆமாம், நான்தான், நான்தான் என்று தலையாட்டிக்கொண்டிருப்பாள். இவர் நின்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

வக்கீலம்மா எதையும் மறைக்காமல் எடுத்துச் சொன்னாள். வேலை போகும். போலீஸ் கேஸ் வரும். பொய்க் கையெழுத்துக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். முதலாளி உங்களைக் கைகாட்டிவிட்டு நழுவப் பார்ப்பார், ஜெயிலுக்குப் போனாலும் போகலாம்.

பஸ் நேரத்தைக் கேட்டுக்கொள்கிறவர்போல, ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைத்தார்.

இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவள் எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லோரும் 'நான் இல்லை' என்று சொல்லத்தான் வந்திருக்கிறார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள்கூட. அவளும் அதைத்தான் அழகாக எழுதிக் கொடுத்து வந்திருக்கிறாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இந்த மனிதருக்கும் அதையேதான் சொல்லிக் கொடுத்தாள்.

நீதிபதி உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்கிற பழக்கம் உண்டே, அதுபோல அவளை அறியாமலே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

அவரும் பதறி எழுந்தார். அவள் கிளம்பச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"கோர்ட்டு எப்ப வேணா நடக்கட்டும் மேடம். எத்தனை வருஷம் ஆனாலும் வந்து நிக்கறேன்" என்றார். "அந்தம்மாகிட்ட மட்டும் இன்னைக்கே சொல்லிடலாமா?"

வக்கீலம்மா மேஜைக்கு அடியில் காலால் துழாவிச் செருப்பைத் தேடினாள்.