சாய்ந்தே போகும் படகு

கோயமுத்தூரிலிருந்து நண்பர்கள் நால்வரும் மலையேறினால், எந்த வேலையாக வந்தாலும் வழியில் இறங்கி ஊட்டி ஏரியில் ஒரு சுற்றுப் போவது வழக்கம். ஊட்டிக்குப் பக்கத்து லவ்டேலில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற இன்றைக்கும் இறங்கியாயிற்று. ஆனால் படகில் மூவர்தான். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்த ஆறுச்சாமி, கரையில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வேகவைத்த சோளக்கதிரைக் கடித்துக்கொண்டிருக்கிறான். முன்பலகையில் பூபதியும் தாமோதரனும் இருக்கிறார்கள். பின்பலகையின் இடது ஓரத்தில் வசந்த்குமார். எப்போதும் பக்கத்தில் உட்காரும் ஆறுச்சாமியின் பருத்த உடம்புக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கியே அந்த ஓரம் அவன் இடமாகிவிட்டது. பக்கத்தில் ஒன்றரை ஆள் அகலத்துக்குப் பலகை காலியாகக் கிடக்க, படகு இடப்பக்கம் சாய்ந்தே நகர்கிறது. தண்ணீரில் கற்பூர மரங்களின் நிழல் நெளிகிறது. “ஏனுங்க, கொஞ்சம் நடுவுல நவுந்து உக்காருங்க,” என்று படகுக்காரர் துடுப்பை நிறுத்துகிறார். “இருக்கட்டுங்க,” என்கிறான் வசந்த்குமார். முன்னால் இருப்பவர்கள் திரும்பவில்லை. அந்த வளைவு தாண்டி, ஆறுச்சாமி இருக்கும் கரை மரங்களுக்குப் பின்னால் மறையட்டும், அப்புறம் நகர்ந்துகொள்ளலாம் என்று படகின் விளிம்பை இறுகப் பிடித்திருக்கிறான். அதற்குள் கரையிலிருந்து குரல் வருகிறது. ஆறுச்சாமி எழுந்து நின்று சோளக்கதிரை ஆட்டுகிறான். “டேய் வசந்து! நடுவுல உக்காருடா. படகு சாயறது இங்கிருந்தே தெரியுது!” பூபதி சிரிக்கப் பார்த்து, இருமுகிறான். வசந்த்குமார் மெல்ல நகர்கிறான். அந்தப் பக்கத்துப் பலகை சில்லென்று இருக்கிறது.