அம்சவேணியின் முதுகு

பறவை பார்க்கும் குழுவோடு அம்சவேணி மூன்று குளிர்காலமாகக் காட்டுக்குப் போய்வருகிறாள். அவள் பார்க்க ஆசைப்பட்டது ஆறுமணிக்குருவியை மட்டும்தான். அது மற்ற எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும். அவள் திரும்புவதற்குள் புதருக்குள் போய்விடும். அன்று காலை ஷூ லேஸைக் கட்டக் குனிந்தபோது முதுகில் மெத்தென்று ஏதோ வந்து உட்கார்ந்தது. கூட வந்த எட்டுப் பேரின் பேச்சும் நின்றுபோனது.

"அசையாதீங்கக்கா," என்றான் குழுவை அழைத்து வந்த நவநீதன், மூச்சோடு மூச்சாக.

"பாம்பா?"

"ஆறுமணிக்குருவி."

அவள் குனிந்தபடியே இருந்தாள். பருத்திச் சட்டை வழியாகச் சின்ன நகங்கள் இடம் மாற்றி ஊன்றுவது தெரிந்தது. கண்ணெதிரே ஷூவும் நாலு சருகும்தான். முழங்கால் கடுத்தது. யாருக்கும் கேமராவைத் தூக்கத் துணிவு வரவில்லை.

"என்ன பண்ணுது?" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"எறக கோதுதுக்கா. அடிவயிறு செவப்பு, எறக்கையில நீலம்..."

"போதும் தம்பி. சும்மா இரு."

அப்போது அது கூவியது. அந்தக் கூவல் காதுக்கு வருமுன்னே முதுகெலும்பில் இறங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாரம் போய் வெகுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்தாள்.

நவநீதன் நோட்டைத் திறந்து, குருவியைப் பார்த்தவர்களின் பெயர்களை எழுதினான். அவள் முறை வந்ததும் பேனா நின்றது.

"நீங்க பாக்கலையேக்கா. உங்க பேர எங்க எழுதட்டும்?"

"எந்த மரத்துல உக்காந்துச்சுன்னு ஒரு கட்டம் இருக்குமில்ல," என்றாள் அம்சவேணி, "அதுல எழுது."